பீடத்துணியின் ஓரம்

(தாத்தா பாட்டிகள், முதியோர் உலக நாளையொட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



ஜூலை 26ஆம் நாள் அன்னை மரியாவின் பெற்றோரான புனித சுவக்கின், புனித அன்னா இருவரையும் திருஅவை நினைவுகூருகிறது. அதையொட்டி, ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறைத் தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு ஏற்படுத்தினார். பங்குகளில் நாம் என்ன செய்கிறோம்? திருப்பலி முடிந்ததும் முதியவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, சால்வை போர்த்தி, கேக் வெட்டி, ஒரு போட்டோ எடுத்து, ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். அதில் தவறில்லை. ஆனால் கொடுக்கிற கை எப்போதும் நம்முடையதாகவே இருந்துவிடுகிறது. அவர்களிடமிருந்து நாம் எதையும் வாங்கிக்கொள்வதில்லை.

இன்று ஒரு சின்னப் பொருளைப் பற்றிப் பேசப்போகிறேன். குரோஷா ஊசி.

இளையவர்களில் சிலருக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கலாம். ஒரு சாண் நீளக் கம்பி, நுனியில் சின்னக் கொக்கி. அவ்வளவுதான். அதையும் ஒரு நூல்கண்டையும் வைத்துக்கொண்டு, வளையத்துக்குள் வளையம் இழுத்து இழுத்து, நம் தாய்மார்கள் மேசை விரிப்பு பின்னினார்கள், கதவுக்குத் தோரணம் பின்னினார்கள், தலையணை உறைக்கு ஓரம் கட்டினார்கள். டி.வி. வந்த புதிதில் அதற்குக்கூட ஒரு சட்டை பின்னிப் போட்டார்கள். அதற்கும் முன்னால், இதோ இந்த வானொலிப் பெட்டிக்கு. என் சிறுவயதில் எங்கள் வீட்டு ரேடியோவின் மேல் என் அக்கா பின்னிய வெள்ளை உறை ஒன்று இருந்தது. செய்தி கேட்க வேண்டுமானால் முதலில் அதை மடித்து வைக்க வேண்டும். கசங்கினால் திட்டு விழும்.

எங்கள் பங்கில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். சிறுமியாக இருந்தபோது கன்னியர் மடத்து விடுதியில் குரோஷா கற்றுக்கொண்டவர். நான் இந்தப் பங்குக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, எங்கள் கோயிலின் பீடத்துணிக்கு முழு நீளத்துக்கும் லேஸ் ஓரம் பின்னிக் கொடுத்திருக்கிறார். கோதுமைக் கதிர், திராட்சைக் குலை, நடுவில் ஒரு கிண்ணமும் அப்பமும். எல்லாம் கட்டங்களால் ஆனவை. நூல் நிரம்பிய கட்டம், வெறும் கட்டம், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் உருவம் எழுந்து வரும். வரைபடம் எதுவும் அவரிடம் இல்லை. கணக்கு மனதில் இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், பங்குத் திருவிழாவுக்காக நான் சென்னைக்குப் போய்ப் புதிய பீடத்துணி ஒன்று வாங்கிவந்தேன். பளபளப்பான சாட்டின், ஓரத்தில் பொன்னிற பாலியெஸ்டர் லேஸ். பழைய துணியைச் சக்கிரீஸ்தில் ஒரு மரப்பெட்டிக்குள் மடித்துப் போட்டுவிட்டேன். பழசாகிவிட்டது, அழுக்கேறிவிட்டது என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன். திருவிழாத் திருப்பலி முடிந்து எல்லாரும் அன்னதானப் பந்தலுக்குப் போய்விட்டார்கள். பாட்டி மட்டும் பீடத்தருகே நின்று புதிய துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்வி: “பழசு எங்க சாமி?”

“உள்ளே பத்திரமா இருக்கு பாட்டி” என்றேன்.

“பொட்டியில போட்டா எலி கடிச்சிடும் சாமி” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

எலி கடித்துத்தான் இருந்தது. உபதேசியார் ஒரு வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது, கிண்ணத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோதுமைக் கதிர் இருந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை. அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இதைச் சரிசெய்ய இந்தப் பங்கில் யாருக்குத் தெரியும்? சுற்றியுள்ள கிளைக் கிராமங்களிலும் விசாரித்தேன். தையல் இயந்திரம் தெரிந்த பெண்கள் நிறைய இருக்கிறார்கள். ஒயர் கூடை பின்னத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆரி வேலை கற்றுக்கொண்டு ரவிக்கைக்குப் பூப்போடுகிற இளம்பெண்கள் இருக்கிறார்கள். குரோஷா தெரிந்த கை ஒன்றுதான். அந்தக் கைக்குரிய கண்ணில் புரை விழுந்திருந்தது.

எங்கள் உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும், ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆள்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழிந்தும் எழுத்துத் தெரிந்தவர் வந்து படித்துக்கொள்ள முடிகிறது. நடுவில் நூறு ஆண்டு யாரும் எட்டிப் பார்க்காமல் இருந்தாலும் அந்த எழுத்துக்கு நட்டமில்லை. கைவேலைக்கு அந்த வசதி கிடையாது. ஒரு தலைமுறை கைநீட்டி வாங்காவிட்டால் கடைசிக் கையோடு கல்லறைக்குப் போய்விடும்.

அன்பார்ந்தவர்களே, விடுதலைப் பயண நூலின் 35ஆம் அதிகாரத்துக்கு வருவோம். குருமட நாள்களில் நாங்கள் வேகமாகத் தாண்டிவிடும் பகுதி இது. செங்கடல் பிளந்தாயிற்று, சீனாய் மலையில் கட்டளைகள் கிடைத்தாயிற்று, இனி திரைச்சீலை எத்தனை முழம், கொளுவி எத்தனை என்ற கணக்குத்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஆனால் பாருங்கள், ஆண்டவரின் கூடாரத்துக்காக நீலம், கருஞ்சிவப்பு, சிவப்பு நூல்களைத் தம் கையால் நூற்றுக் கொண்டுவந்த பெண்களை விவிலியம் மறக்காமல் குறித்துவைத்திருக்கிறது. ஆட்டு உரோமத்தைத் திரித்தவர்களையும் விட்டுவிடவில்லை. பிறகு பெட்சலேல், ஒகொலியாபு என்ற இரண்டு கைவினைஞர்கள் வருகிறார்கள். கடவுள் தம் ஆவியால் பெட்சலேலை நிரப்பி ஞானமும் திறமையும் கொடுத்தார் என்று வாசிக்கிறோம். அரசருக்கோ இறைவாக்கினருக்கோ அல்ல, ஒரு கைவேலைக்காரருக்கு ஆவியின் கொடை! அடுத்து 34ஆம் வசனத்தில்தான் நான் ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்ட செய்தி இருக்கிறது. இந்த இருவருக்கும் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் ஆற்றலையும் கடவுள் தந்தார். வேலை செய்யும் திறமை ஒரு கொடை. கற்றுக்கொடுப்பது தனியாக இன்னொரு கொடை. இரண்டும் ஒன்றென்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நன்றாகச் செய்யத் தெரிந்த எத்தனையோ பேருக்கு, இன்னொருவர் தப்பும் தவறுமாகச் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இருப்பதில்லை. “குடு இங்க, நானே செஞ்சிடறேன்” என்று பிடுங்கிவிடுகிறோம். சமையலறையிலும் அப்படித்தான், சக்கிரீஸ்திலும் அப்படித்தான்.

நம் தமிழ் மண்ணில் இந்த லேஸ் வேலை வளர்ந்ததே ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கற்றுக்கொடுத்ததால்தான். 1820களில் நாகர்கோவிலில், இலண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, அதில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது குரோஷா அல்ல, தலையணை போன்ற திண்டில் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றிமாற்றிப் பின்னும் வேலை. அன்றைய திருவிதாங்கூரில் அடிமைமுறை இருந்தது. அரசாணையால் அது ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, லேஸ் விற்ற காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். நினைத்துப் பாருங்கள், விரல் நுனியில் நூல் சுற்றி விடுதலையை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். அந்த அம்மையாரின் மகள் எலிசா, கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது, தாயிடம் கற்றதை அந்தத் தேரிக்காட்டுப் பெண்களுக்குக் கொடுத்தார். நம் கத்தோலிக்கத் திருஅவையில், 1897இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரிய லூயிஸ் தெ மேஸ்தரும் அவரைப் பின்தொடர்ந்த சகோதரிகளும் ஆதரவற்ற பெண்குழந்தைகளை வளர்த்ததோடு லேஸ் வேலையும் பூத்தையலும் பழக்கினார்கள். அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, கார்க் நகர்ப் பகுதியின் உர்சுலைன் கன்னியர் குரோஷா கற்றுக்கொடுத்துப் பல குடும்பங்களின் அடுப்பெரியச் செய்தார்கள். அங்கே ஆண்களும் சிறுவர்களும்கூட ஊசி பிடித்தார்கள். ‘பொம்பளை வேலை’ என்று ஒதுங்குகிற நம் பையன்கள் இதைக் கேட்க வேண்டும்.

இதெல்லாம் பெருமைக்குரியதுதான். ஆனால் பெருமையை மட்டும் பேசிவிட்டு, “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, எந்நேரமும் செல்போன்” என்று முடித்துக்கொண்டால், நான் உங்களிடம் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன்.

பாட்டியின் வீட்டுக்கு அந்தக் கிழிந்த துணியை நானே எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மகள்தான் பேசினார். ஐம்பது வயதிருக்கும், என் வயதுக்காரர். “ஃபாதர், நான் ஏன் கத்துக்கலைன்னு கேக்கறீங்க. ஏஜென்டு நூலைக் குடுத்துட்டுப் போவான். அம்மா ராத்திரி பூரா சிம்னி வெளக்குல பின்னுவாங்க. ஒரு பீசுக்கு அவன் குடுத்த காசு நூல் வாசனைக்குக்கூடக் காணாது. கோயிலுக்குன்னா அதுவும் கெடையாது, காணிக்கை. அம்மாவுக்குக் கண்ணு போனதுதான் மிச்சம். எம்பொண்ணுக்கு இது வேணாம்னு நான்தான் சொன்னேன்.”

எனக்குப் பதில் இல்லை. ‘கோயிலுக்குன்னா அதுவும் கெடையாது’ என்ற சொல் இன்றும் காதில் இருக்கிறது. மெழுகுதிரிக்குக் காசு கொடுக்கிறோம், ஒலிபெருக்கிக்குக் கொடுக்கிறோம், சாட்டின் துணிக்கு ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தோம். ஆறு மாதம் உட்கார்ந்து பின்னிய கைக்கு ஒரு ஜெபமாலையும் நன்றியும் மட்டும் கொடுத்திருக்கிறோம்.

அந்த மகள் சொன்னது அவர் வீட்டுக் கதை மட்டுமல்ல. ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நரசாப்பூர் பக்கம் குரோஷா லேஸ் பெரிய தொழில். 2024இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊரின் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி மரியா மீஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். நாளெல்லாம் பின்னியும் ஒரு ரூபாய்கூடத் தேறாத பெண்களை அவர் அங்கே பார்த்தார். வீட்டில் சும்மா இருக்கிறவர்கள் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்று சொல்லியே கூலியைக் குறைத்தார்கள். ஏற்றுமதி வியாபாரிகளோ நன்றாக இருந்தார்கள். நம் காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் புகழும் பட்டுச்சேலைதான். ஆனால் பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகளைத் தறியில் உட்காரவைத்த காலம் ஒன்று இருந்ததை நாம் மறக்கக்கூடாது. அதையும் ‘தொழில் கற்றுக்கொடுக்கிறோம்’ என்றுதான் சொன்னார்கள். கற்றுக்கொடுப்பதன் பெயரால் கட்டிப்போடுவது பெட்சலேலுக்குக் கிடைத்த கொடை அல்ல.

ஆகவே இளம்பெண்கள் இதை விட்டுவிட்டு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள் என்றால், நான் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். மாதம் பிறந்தால் சம்பளம் வங்கியில் விழுகிறது. பாட்டியின் பேத்தியும் அப்படிப் போகிறவள்தான். விடியற்காலை ஷிப்டுக்கு, இருட்டோடு எழுந்து ரோட்டுக்கு வந்து நிற்பாள்.

அந்தப் பெண்தான் நான் எதிர்பாராததைச் செய்தாள். பாட்டிக்குக் கண் தெரியாது, கை நினைவிருக்கிறது. அவளுக்குக் கண் தெரியும், கைக்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஞாயிறு மதியம் துணியை வெளிச்சத்தில் விரித்துவைத்து, எலி கடிக்காத மறுபக்கத்துக் கதிரைப் பார்த்துக் கட்டங்களை எண்ணிச் சொன்னாள். “நெறஞ்சது மூணு, வெறும் கட்டம் ரெண்டு, நெறஞ்சது ஒண்ணு.” பாட்டி அதைக் கேட்டுக் கேட்டுப் பின்னப் பார்த்தார். விரல் நடுங்கியது. நாலாவது வரிசையில் ஊசியைப் பேத்தியின் கையில் கொடுத்துவிட்டார்.

பேத்தி கம்பெனி பஸ்ஸில் போகவர இரண்டு மணி நேரம் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அடுத்த வாரம் வந்தது சண்டை. பாட்டி “ட்ரிபிள் போடு” என்றார். அவளும் வீடியோவில் பார்த்த ட்ரிபிளையே போட்டாள். கதிர், பக்கத்துக் கதிரைவிட உயரமாக வளர்ந்து நின்றது. “நீங்க சொன்னதத்தான் ஆயா போட்டேன்!” “நான் சொன்னது இது இல்லடி!” இருவர் சொல்வதும் சரிதான். மடத்துச் சகோதரிகள் பாட்டிக்குக் கற்றுக்கொடுத்தது இங்கிலாந்துக் கணக்கு. வீடியோவில் வருவது அமெரிக்கக் கணக்கு. அங்கே ட்ரிபிள் என்பது இங்கே டபுள், அங்கே டபுள் என்பது இங்கே சிங்கிள். ஒரே தையலுக்கு இரண்டு பெயர். இதை அவர்களே ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். எனக்கு விளக்கியபோது, திருவிருந்தைப் பற்றி நம் சபைகள் போட்டுக்கொண்ட சில சண்டைகள் நினைவுக்கு வந்தன. அது வேறு கதை.

தவறிய கதிரை என்ன செய்வது? அவிழ்த்தார்கள். குரோஷாவில் ஊசியில் எப்போதும் ஒரே ஒரு வளையம்தான் உயிரோடு இருக்கும். ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் சரசரவென்று அவ்வளவும் பிரிந்து வரும். ஆனால் நூல் அறுவதில்லை, வீணாவதில்லை. அதே நூலில் மறுபடி தொடங்கலாம். நான்கு முறை பிரித்தார்களாம். நான்கு முறையும் பாட்டி திட்டவில்லை என்று அந்தப் பெண் ஆச்சரியத்தோடு சொன்னாள். நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பதை வீடியோ காட்டித் தரவில்லை. பாட்டி அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்துக் காட்டினார். அந்த இழுவை அப்படித்தான் கைமாறியது.

திருத்தூதர் பணிகள் 9ஆம் அதிகாரத்தில் தபித்தா இறந்துகிடக்கும்போது, கைம்பெண்கள் பேதுருவைச் சூழ்ந்துகொண்டு, தபித்தா தங்களோடு இருந்தபோது செய்துதந்த அங்கிகளையும் ஆடைகளையும் காட்டி அழுகிறார்கள். பேதுரு அவரை உயிரோடு எழுப்பிக் கொடுத்தார். பிறகு தபித்தா என்ன செய்தார் என்று லூக்கா எழுதவில்லை. என் மனத்தில் ஒரு காட்சி தோன்றும். இரண்டாம் முறை கிடைத்த வாழ்நாளில் தபித்தா அந்தக் கைம்பெண்களில் யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து ஊசியைக் கையில் கொடுத்திருப்பார். இது விவிலியத்தில் இல்லை, என் ஊகம்தான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொள்ள ஆளில்லை என்பதும் உண்மையல்ல. 2016 ஜனவரி 31இல் சென்னையில், ‘மதர் இந்தியா’ஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற பெண்கள் குழு, பல இடங்களில் பலர் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளைச் சேர்த்து 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையை விரித்து உலகச் சாதனை செய்தது. இணையம் வழியே ஒருவரையொருவர் கண்டுகொண்டவர்கள் அவர்கள். ஆசை இருக்கிறது. பக்கத்தில் உட்கார ஒரு பாட்டியும், உட்கார ஓர் இடமும், செய்ததற்குக் காசும்தான் வேண்டும்.

எங்கள் பங்கில் ஒரு சின்ன ஏற்பாடு தொடங்கியிருக்கிறோம். சனிக்கிழமை மாலை மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம், கோயில் திண்ணையில். ஊசியும் நூலும் பங்குச் செலவு. கற்றுக்கொடுக்கிற பாட்டிக்கு ஒவ்வொரு வாரமும் உறையில் காசு. முதல் வாரம் வாங்க மறுத்தார். அவர் மகள் வாங்கிப் பாட்டியின் இடுப்பில் செருகிவிட்டார். இனி கோயிலுக்குப் பின்னும் எதற்கும் கூலி உண்டு, விருப்பமிருந்தால் அதிலிருந்து காணிக்கை போடட்டும் என்று பங்குப் பேரவையில் தீர்மானித்தோம். ஒரு பெரியவர், “காணிக்கை கொடுக்கிற மனசை நாமே கெடுக்கலாமா ஃபாதர்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான், நெடுநேரம் பேசினோம். வகுப்புக்கு வருவது ஒன்பது பேர், அதில் இரண்டு பையன்கள். ஒருவன் கைப்பேசிக்குப் பை பின்னிக்கொண்டிருக்கிறான். அதன் வடிவம் இன்னும் கைப்பேசி மாதிரி இல்லை.

பீடத்துணி போன உயிர்ப்பு ஞாயிறன்று பீடத்துக்குத் திரும்பியது. பழைய நூல் மஞ்சள் ஏறியிருக்கிறது. புதிதாகப் பின்னிய இரண்டு கதிர் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது. நிறம் சேரட்டும் என்று பேத்தி அதைத் தேயிலை டிகாஷனில் நனைக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். பாட்டி வேண்டாம் என்றுவிட்டார். பத்துத் தடவை துவைத்தால் தானாகச் சேர்ந்துகொள்ளுமாம். அதுவரை நான் அப்பத்தையும் கிண்ணத்தையும் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த வெள்ளைக் கதிர் இரண்டும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!